பழைய எம்டிபி சைக்கிள்: பழுதுபார்ப்பதா, ஒற்றைக் கியராக மாற்றுவதா?

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் தூசி படிந்து நிற்கும் 21 கியர் சைக்கிளை மறுபடி ஓட வைக்க நினைப்பவருக்கு இரண்டு ஆலோசனைகள் உடனே கிடைக்கும். கடைக்காரர் கியர் செட்டை மொத்தமாக மாற்றிவிடலாம் என்பார். சைக்கிள் ஆர்வமுள்ள நண்பரோ கியரையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஒற்றைக் கியராக்கினால் செலவே இல்லை என்பார். இரண்டு ஆலோசனைகளும் சில சைக்கிள்களுக்குப் பொருந்தும். உங்கள் சைக்கிளுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு ஸ்கேல், ஒரு ஸ்பானர், ஒரு டார்ச் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் நீங்களே கண்டுபிடித்துவிட முடியும். சென்னையில் கடை கடையாக விசாரித்தும், பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்தும் நான் தெரிந்துகொண்டவற்றைச் செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். 26 அங்குலச் சக்கரமும், முன்னால் மூன்று பல்சக்கரங்களும், பின்னால் ஆறு அல்லது ஏழு பல்சக்கரங்களும் கொண்ட, நம் ஊரில் அதிகம் விற்ற எம்டிபி (மவுன்டன் பைக்) வகை சைக்கிளை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. பாகங்களைத் தொடுவதற்கு முன் பிரேமைச் சோதியுங்கள்

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஈரத் துணியால் பிரேமை நன்றாகத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் இணைப்புகளைப் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சு நுழையும் குழாயின் சுற்றுப்புறம், சீட் குழாயின் மேல் விளிம்பு, பின் அச்சு உட்காரும் வெட்டு ஆகிய நான்கு இடங்களில்தான் விரிசல் பெரும்பாலும் தொடங்கும். பெயின்டில் மயிரிழை போன்ற கோடு தெரிந்தால் அதை நகத்தால் கீறிப் பாருங்கள்; நகம் மாட்டினால் அது வெறும் பெயின்ட் வெடிப்பாக இருக்க வாய்ப்புக் குறைவு.

பிரேம் இரும்பா அலுமினியமா என்பதை ஒரு காந்தம் சொல்லிவிடும். இரும்புப் பிரேமில் விரிசல் இருந்தால் அனுபவமுள்ள வெல்டர் அதைச் சரிசெய்ய முடியும். அலுமினியப் பிரேம் அப்படியல்ல. தொழிற்சாலையில் வெப்பப் பதப்படுத்தலால் கிடைத்த வலிமையைத் தெருமுனைப் பட்டறையின் வெல்டிங் சூடு அந்த இடத்தில் அழித்துவிடுகிறது. விரிசல் விட்ட அலுமினியப் பிரேமுக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி தேவையில்லை. நல்ல பாகங்களைக் கழற்றி வைத்துக்கொண்டு பிரேமைக் காயலான் கடையில் போடுவதே சரி.

கடற்கரைப் பகுதிகளில் நின்ற சைக்கிள் என்றால் இன்னொரு சோதனையும் வேண்டும். சீட் போஸ்ட் அசைகிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் இரும்புக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பிறகு முறுக்கி எடுக்க வேண்டும். சீட் உயரத்தை மாற்ற முடியாத சைக்கிளில் வேறு எதற்குச் செலவு செய்தாலும் முழங்கால் வலி மிச்சமாகும்.

2. தேய்மானத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

செயினின் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைவெளி அரை அங்குலம். எனவே ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால் அதிலிருந்து எண்ணிவரும் 24ஆவது பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது 1/16 அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் தள்ளி நின்றால் செயினோடு பின்பல்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த ஓர் அளவுதான் உங்கள் செலவுக் கணக்கின் பாதியைத் தீர்மானிக்கிறது. தேய்ந்த பல்லின் மேல் புதுச் செயினைப் போட்டால், மேம்பாலத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் வழுக்கிப் பல் தாண்டும். கால் இடறி விழுவது அப்போதுதான். "செயின் மட்டும் போதும் சார்" என்று கடையில் சொன்னாலும், அளவு 1/8 காட்டினால் செயினையும் ஃப்ரீவீலையும் (பின்பல்சக்கரத் தொகுதி) சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

அடுத்து, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் பின் டீரெய்லரைச் சைக்கிளின் பின்னால் குனிந்து நின்று பாருங்கள். அதன் இரண்டு சிறிய உருளைகளும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். உட்புறமாகச் சாய்ந்திருந்தால் டீரெய்லர் மாட்டும் காது வளைந்திருக்கிறது. இதை அலட்சியம் செய்யக் கூடாது. பெரிய பல்லுக்கு மாற்றும்போது டீரெய்லர் ஸ்போக் கம்பிக்குள் போய்ச் சிக்கினால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். இரும்புப் பிரேமில் காது பெரும்பாலும் பிரேமோடு ஒன்றாக இருக்கும். உரிய கருவியால் அதை நிமிர்த்தலாம். அலுமினியப் பிரேமில் அது பெரும்பாலும் தனியாகக் கழலும் துண்டு. பல வடிவங்களில் வருவதால் பழைய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாமல் புதியதை வாங்கக் கூடாது.

கியர் மாற்றும் லிவர் அசையாமல் நின்றுபோயிருந்தால் அதற்குள் உயிரில்லை என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். பல ஆண்டுகள் சும்மா நின்ற சைக்கிளில் உள்ளேயிருக்கும் கிரீஸ் கெட்டியாகிப் பிசினாகிவிடுகிறது. மேல்மூடியைத் திறந்து, துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துப் பலமுறை அழுத்தி விட்டால் பெரும்பாலான லிவர்கள் திரும்ப வேலை செய்கின்றன. இந்த ஒரு காரியத்தைச் செய்யாமலேயே கியர் செட்டை மாற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

3. மூன்று விஷயங்களைக் கண்டறியுங்கள்

ஒற்றைக் கியராக மாற்றுவது எளிதா, சுற்றுவழியா என்பது மூன்று பாகங்களைப் பொறுத்தது.

முதலாவது, பின் அச்சு உட்காரும் வெட்டு. அது கிட்டத்தட்ட படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை இறுக்கிக்கொள்ளலாம்; நம் பழைய கருப்புச் சைக்கிள்களில் நடப்பது இதுதான். வெட்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி இருந்தால் சக்கரத்தை முன்பின் நகர்த்த முடியாது. செயினை இறுக்க டென்ஷனர் என்ற தனிப் பாகம் வேண்டும். எம்டிபிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான்.

இரண்டாவது, பின்பல்சக்கரத் தொகுதி எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்பது. விலை குறைந்த ஏழு கியர் சைக்கிள்களில் ஹப்பின் (சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றியிருக்கும் பாகம்) மேல் மரையிட்டுத் திருகப்பட்ட ஃப்ரீவீல் இருக்கும். சற்று விலை கூடியவற்றில் ஹப்போடு சேர்ந்த உருளையின் மேல் பல்சக்கரங்களைக் கோத்து மேலே பூட்டு வளையம் போட்ட கேசட் இருக்கும். சக்கரத்தைக் கழற்றிப் பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி பொருந்தும் பல்வெட்டு வளையமும் கூடவே சுழன்றால் அது கேசட். அது நின்றபடியே இருந்து பல்சக்கரங்கள் மட்டும் சுழன்றால் ஃப்ரீவீல்.

மூன்றாவது, முன்பல்சக்கரங்கள் போல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கின்றனவா, ரிவெட் அடிக்கப்பட்டிருக்கின்றனவா என்பது. ரிவெட் அடித்த இரும்புக் கிராங்கில் (பெடல் கையும் முன்பல்சக்கரங்களும் சேர்ந்த பாகம்) மூன்றில் எதையும் தனியாகக் கழற்ற முடியாது. நடுப்பல்லில் செயினைப் போட்டுக்கொண்டு மற்ற இரண்டையும் சும்மா சுமந்துகொண்டு ஓட்டலாம். ஓட்டத்துக்கு அதனால் குறையில்லை, ஆனால் ஒற்றைக் கியர் சைக்கிளின் மெலிந்த தோற்றத்துக்காக ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். தோற்றத்துக்காகக் கிராங்கை மாற்றப் போனால், புதுக் கிராங்குக்கு ஏற்ற நீளத்தில் பெடல் அச்சையும் மாற்ற நேரலாம். செலவு அங்கேதான் ஏறுகிறது.

4. பணம் செலவழிக்காமல் ஒத்திகை பாருங்கள்

இது வழிகாட்டிகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது. எனக்குத் தெரிந்தவரை இதுதான் முக்கியமான படி. கியர்கள் அரைகுறையாகவாவது வேலை செய்தால், செயினை முன்னால் நடுப்பல்லிலும் பின்னால் இரண்டாவது சிறிய பல்லிலும் வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் லிவரைத் தொடாமல் வழக்கமான இடங்களுக்கெல்லாம் போய்வாருங்கள். 14 முதல் 28 பற்கள் வரை உள்ள வழக்கமான ஏழு கியர் ஃப்ரீவீலில் இரண்டாவது சிறிய பல்சக்கரத்துக்கு 16 பற்கள். முன்னால் நடுச்சக்கரத்துக்கு 34 பற்கள் என்றால் விகிதம் 2.125. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் இரண்டு சுற்றுக்குச் சற்று மேல் சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர் வேகம் வரும்.

சென்னை, தஞ்சாவூர் போன்ற சமதளங்களில் அலுவலகத்துக்கும் கடைக்கும் போக இது போதும்; எதிர்காற்றிலும் மேம்பாலத்திலும் சற்று மூச்சு வாங்கும். காடு மேடுகளில் ஒற்றைக் கியர் ஓட்டுபவர்கள் 26 அங்குலச் சக்கரத்துக்கு 32க்கு 16 என்ற இரண்டு மடங்கு விகிதத்தையே பெரும்பாலும் தொடக்கமாக வைத்துக்கொள்கிறார்கள். ஒத்திகையில் கால்கள் வெறுமனே சுழல்வதாகத் தோன்றினால் பின்பல்லைச் சிறியதாகவும், முழங்கால் இழுத்தால் 18 பல்லாகவும் மாற்றிப் பார்த்து, ஒத்துவரும் விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் கை தானாக லிவரைத் தேடிக்கொண்டே இருந்தால் ஒற்றைக் கியர் உங்களுக்கு உரியதல்ல. ஏற்காடு, ஏலகிரி, குன்னூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு இந்த ஒத்திகை அரை நாளிலேயே பதில் சொல்லிவிடும்.

5. முடிவெடுங்கள்

டீரெய்லர், லிவர் இரண்டும் தேறுகின்றன, தேய்ந்தது செயினும் ஃப்ரீவீலும் மட்டும்தான் என்றால் பழுதுபார்ப்பதே மேல். அந்த நிலையில் ஒற்றைக் கியராக மாற்றுவதால் மிச்சமாகும் பணம் மிகச் சிறியது. டீரெய்லர் உடைந்து, லிவரும் செத்து, செயினும் தேய்ந்து, சாலையும் சமதளமாக இருந்தால் ஒற்றைக் கியர் வழி நியாயமானது; உங்களிடம் கேசட் ஹப்போ படுக்கை வெட்டோ இருந்தால் அது இன்னும் எளிது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. என்னைக் கேட்டால் நகரத்தில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு அதைத்தான் சொல்வேன். முன் டீரெய்லரையும் இடதுகை லிவரையும் அதன் கேபிளையும் மட்டும் கழற்றிவிட்டு, செயினை நடுப்பல்லில் வைத்து, பின்னால் ஏழு கியரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். தொல்லை தரும் பாகங்களில் பாதி போய்விடுகிறது, மேம்பாலத்துக்குக் கியரும் இருக்கிறது, பின்சக்கரத்தைப் பிரிக்கும் வேலையும் இல்லை.

6. எந்த வழியானாலும் முதலில் செய்யவேண்டிய வேலைகள்

கியரைப் பற்றிய ஆவலில் பிரேக்கையும் சக்கரத்தையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பிரேக் கட்டைகள் கெட்டிப்பட்டுக் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றுங்கள். ரிம்மின் பக்கச் சுவரில் ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். நடுவில் குழிந்திருந்தால் ரிம் தேய்ந்து மெலிந்துவிட்டது, அதை மாற்றியே ஆகவேண்டும். இரண்டு சக்கர அச்சுகள், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகியவற்றைப் பிரித்து, பால்ரஸ்களை மாற்றி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டுவதைத்தான் கடைகளில் ஓவராயில் என்பார்கள். பால்ரஸ் விலை அற்பம். பழையதைக் கழுவிப் போட வேண்டாம். பால்ரஸ் உருளும் கூம்பு வடிவ நட்டான கோன் குழி விழுந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் நீங்களே பிரிப்பதாக இருந்தால் இரண்டு இடங்களில் மரை எதிர்த்திசையில் இருக்கும். இடதுபக்கப் பெடலைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். அதேபோல் பெடல் அச்சின் வலதுபக்கக் கிண்ணமும், எம்டிபிகளில் வழக்கமாக வரும் மரையென்றால், கடிகாரத் திசையில்தான் கழலும். இது தெரியாமல் நீளக் குழாயைச் செருகிப் பலம் காட்டினால் பிரேமின் மரை போய்விடும்.

டயர் வாங்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 26 × 1.95 என்று புள்ளி வைத்து எழுதிய டயரும், 26 × 1 3/8 என்று பின்னத்தில் எழுதிய டயரும் ஒன்றல்ல. எம்டிபி ரிம்மின் விட்டம் 559 மில்லிமீட்டர். 26 × 1 3/8 டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. டயரின் பக்கத்தில் 50-559 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணில் பிற்பகுதி 559 ஆக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், மற்ற எண்களில் சற்று முன்பின் இருந்தாலும் பொருந்தும். சாலையில் மட்டும் ஓட்டுபவர்கள் கட்டைப் பற்களுள்ள டயரைத் தவிர்த்து வழுவழுப்பான டயரைப் போட்டால், எந்தக் கியர் மாற்றத்தையும்விட அதிக வித்தியாசம் காலில் தெரியும்.

7. பழுதுபார்க்கும் வழி

ஏழு கியருக்கு ஆறு, ஏழு, எட்டு கியர்களுக்குப் பொதுவான செயினையே கேளுங்கள். ஒன்பது, பத்து கியர்களுக்கான செயின் மெலிதாக இருக்கும், விலையும் கூடும். ஃப்ரீவீல் வாங்கும்போது பழையதில் உள்ள அதே பல் எண்ணிக்கையை வாங்குங்கள். 34 பல் கொண்ட பெரிய ஃப்ரீவீல் மலையேற உதவும் என்று ஆசைப்பட்டால், உங்கள் டீரெய்லர் அவ்வளவு பெரிய பல்லை எட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கேபிளை மாற்றும்போது வெளியுறையையும் சேர்த்து மாற்ற வேண்டும். உள்ளே துருப்பிடித்த பழைய உறைக்குள் புதுக் கம்பியை விட்டால் கியர் ஒருநாளும் சரியாக உட்காராது.

பொருத்திய பிறகு டீரெய்லரில் உள்ள இரண்டு எல்லைத் திருகுகளைக் கடைக்காரர் சரிசெய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒன்று செயின் ஸ்போக்குக்குள் விழாமலும், மற்றொன்று பிரேமுக்கும் சிறிய பல்லுக்கும் இடையே விழாமலும் தடுக்கின்றன. இவற்றைச் சரிசெய்த பிறகுதான் கேபிள் இறுக்கத்தை மாற்ற வேண்டும். பல கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

8. ஒற்றைக் கியர் வழி

பழைய ஃப்ரீவீலைக் கழற்றுவதே முதல் சிக்கல். ஓட்டும்போதெல்லாம் மிதியின் விசையால் அது இன்னும் இறுகிக்கொண்டே வந்திருக்கும். பல்வெட்டுள்ள கழற்றியைப் பொருத்தி, அது நழுவாமலிருக்க அச்சு நட்டை மேலே லேசாகப் போட்டு, கழற்றியைப் பட்டறை வைஸில் பிடித்துக்கொண்டு, முழுச் சக்கரத்தையும் ஸ்டியரிங்போல் இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். உளியும் சுத்தியலும் எடுக்கும் கடையில் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். புது ரிம் போடுவதற்காக ஸ்போக் கம்பிகளை வெட்டப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன்பே ஃப்ரீவீலைக் கழற்றிவிட வேண்டும்; வெறும் ஹப்பாகிவிட்டால் பிடித்துத் திருப்ப எதுவும் இருக்காது.

ஒற்றை ஃப்ரீவீலுக்கும் ஏழு கியர் ஃப்ரீவீலுக்கும் வழக்கமாக ஒரே மரைதான்: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ஆனாலும் சக்கரத்தைக் கடைக்கே கொண்டுபோய்க் கையால் திருகிப் பாருங்கள். மூன்று சுற்றுக்குமேல் விரலாலேயே போனால் சரி. முதல் சுற்றிலேயே ஸ்பானர் தேவைப்பட்டால் அந்த ஃப்ரீவீல் வேண்டாம். மரையில் கிரீஸ் தடவிப் பொருத்துவது அடுத்தமுறை கழற்றப்போகிறவருக்குச் செய்யும் உபகாரம்.

செயினில் இரண்டு அகலங்கள் உண்டு. சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிளின் செயின் உள்ளகலம் 1/8 அங்குலம். கியர் சைக்கிள் செயின் 3/32 அங்குலம். அகலமான செயின் மெல்லிய பல்லில் சற்றுச் சத்தத்தோடு ஓடும். மெல்லிய செயின் அகலமான பல்லில் உட்காரவே உட்காராது. முன்பல்சக்கரத்தை மாற்றாமல் கடையில் கிடைக்கும் சாதாரண ஃப்ரீவீலைப் போடுகிறீர்கள் என்றால் 1/8 செயினே பாதுகாப்பு.

இனி இந்த வேலையின் மையமான விஷயம்: செயின் ஒரே நேர்கோட்டில் ஓட வேண்டும். முன்பல்லும் பின்பல்லும் சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால், ஒற்றைக் கியரில் செயின் கழன்று விழுந்துகொண்டே இருக்கும். எம்டிபி கிராங்கின் நடுப்பல் பெரும்பாலும் நடுக்கோட்டிலிருந்து 47 முதல் 50 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். பின்னால் அச்சு வெட்டுகளின் உட்பக்க இடைவெளி எம்டிபிகளில் வழக்கமாக 135 மில்லிமீட்டர். அதில் பாதி 67.5. வலது வெட்டின் உட்பக்கத்திலிருந்து பல்லின் நடு 20 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால், 67.5இலிருந்து 20 போக 47.5 வரும், இது முன்பல்லோடு பொருந்தும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை.

ஏழு கியர் ஹப்பில் ஒற்றை ஃப்ரீவீலைத் திருகினால் அது ஸ்போக்குகளை ஒட்டி மிகவும் உள்ளே போய் உட்காரும், நேர்கோடு கெடும். இதற்குத் தீர்வு, அச்சின் வலதுபக்கம் உள்ள ஸ்பேசர் வளையங்களில் தேவையான அளவை எடுத்து இடதுபக்கம் போடுவது. ஹப் முழுவதும் வலதுபக்கம் நகரும், பல்லும் வெளியே வரும். கூடவே ரிம்மும் வலதுபக்கம் போய்விடுமாதலால், ஸ்போக் கம்பிகளை முறைப்படி இறுக்கியும் தளர்த்தியும் ரிம்மை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். கோட்டம் எடுக்கத் தெரிந்தவர் இதைச் சக்கரத்தைப் பிரிக்காமலேயே செய்துவிடுவார். இரண்டு பக்கக் கம்பிகளின் இழுவிசையும் ஏறக்குறையச் சமமாவதால் சக்கரம் முன்னைவிட உறுதியாகிவிடும் என்பது இதில் கிடைக்கும் கொசுறு. வளையங்கள் சரியான அளவில் இல்லாவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். வேலையைக் கொடுக்கும்போது "ஃப்ரீவீல் மாற்றுங்கள்" என்று மட்டும் சொன்னால் இந்தப் பகுதி நிச்சயமாக விடுபட்டுப்போகும். செயின் நேர்கோடும் ரிம் நடுவும் சரியாக வேண்டும் என்று தனியாகச் சொல்லுங்கள்.

கேசட் ஹப் உள்ளவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. ஒரே ஒரு பல்சக்கரமும் இரண்டு பக்கமும் நிரப்பும் வளையங்களும் கொண்ட தொகுப்பு இணையத்தில் கிடைக்கிறது. வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டே நேர்கோட்டைப் பிடித்துவிடலாம்.

செங்குத்து வெட்டுள்ள பிரேமில் டென்ஷனருக்குப் பதிலாகப் பழைய டீரெய்லரையே பயன்படுத்தலாம். கேபிளைக் கழற்றிவிட்டு, எல்லைத் திருகால் உருளைகளைப் பல்லுக்கு நேராக நிறுத்தினால் அது செயினை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திருகு எட்டாத இடமென்றால் ஒரு சிறு துண்டுக் கேபிளைப் பூட்டி நிறுத்தலாம். அழகில்லை; ஆனால் செலவும் இல்லை. பெடலைப் பின்னால் மிதித்து பிரேக் பிடிக்கும் ஹப்போடும், ஃப்ரீவீலே இல்லாத ஃபிக்ஸட் ஹப்போடும் டென்ஷனரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. பின்விசை வரும்போது டென்ஷனர் பிய்ந்துவிடும்.

படுக்கை வெட்டுள்ளவர்கள் சக்கரத்தைப் பின்னிழுத்து, செயினின் நடுவில் விரலால் தூக்கினால் மேலும் கீழுமாக ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் ஆடும்படி விடுங்கள். பல்சக்கரங்கள் முழுவட்டமாக இருப்பதில்லை என்பதால் பெடலை மெல்லச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். படுக்கை வெட்டோடு லிவரால் பூட்டும் அச்சு இருந்தால், நட்டு போட்ட அச்சுக்கு மாறுவது நல்லது. அழுத்தி மிதிக்கும்போது சக்கரம் ஒருபக்கமாக நழுவாது.

9. செலவும் காகிதங்களும்

கீழே உள்ள தொகைகள் நான் சென்னையில் விசாரித்தபோது கேட்டவை. ஊருக்கும் தரத்துக்கும் ஏற்ப மாறும். எந்த வழிக்கும் பொதுவான வேலையில், இரண்டு டயரும் டியூபும் 1,300 முதல் 1,800 ரூபாய், பிரேக் கட்டையும் கேபிளும் 300 முதல் 500, ஓவராயில் கூலி 500 முதல் 800 ஆகும். பழுதுபார்க்கும் வழியில் ஏழு கியர் ஃப்ரீவீலும் செயினும் சேர்ந்து 1,000 முதல் 1,500. டீரெய்லரும் லிவரும் மாற்ற நேர்ந்தால் மேலும் 1,500 முதல் 2,500. ஒற்றைக் கியர் வழியில் ஃப்ரீவீலும் செயினும் 300 முதல் 650, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவரும் கூலி 200 முதல் 400, டென்ஷனர் வாங்கினால் 500 முதல் 1,000. கிராங்கையும் மாற்றினால் இந்தக் கணக்கில் ஒற்றைக் கியரின் மலிவு காணாமல் போய்விடும். அதே தரத்தில் புதுச் சைக்கிளின் விலையில் பாதியை மொத்தச் செலவு தாண்டினால் நிறுத்திவிடுவது நல்லது.

மிதிவண்டிக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டும் கடையில் இதைக் கேட்பதில் தவறில்லை. வேலையைக் கொடுக்கும் முன் பாகம், கூலி இரண்டையும் தனித்தனியாக எழுதிய மதிப்பீட்டை வாங்குங்கள்; கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பெடல் அச்சுக் குழாயின் அடியில் பொறித்திருக்கும் பிரேம் எண்ணைப் படம் எடுத்துப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் திருடுபோனால் காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அதுதான். பிறரிடமிருந்து வாங்கிய பழைய சைக்கிள் என்றால், அந்த எண்ணையும் விலையையும் தேதியையும் எழுதி விற்றவரிடம் கையொப்பம் வாங்கிவிட்டுச் செலவைத் தொடங்குங்கள். பிரேமுக்கு உத்தரவாதம் இன்னும் மிச்சமிருந்தால், வெல்டிங் போன்ற வேலைகள் அதைச் செல்லாததாக்குமா என்று அட்டையில் படித்துக்கொள்ளுங்கள்.

10. காலக் கணக்கு

பொதுவான வேலைக்கும் பழுதுபார்ப்புக்கும் பாகங்கள் கையிலிருந்தால் இரண்டு நாள் போதும். ஒற்றைக் கியருக்கு ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டம் எடுப்பவர், லேத் பட்டறை, இணையத்தில் வரவழைக்கும் டென்ஷனர் என மூன்று பேரின் வசதியைப் பொறுத்தது அது. அளவெடுத்து முடிக்கும் முன் இணையத்தில் எதையும் வாங்காதீர்கள். பொருந்தாத பாகத்தைத் திருப்பி அனுப்பும் கெடு, சக்கரம் பட்டறையில் இருக்கும்போதே முடிந்துவிடும். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் கடைகளில் கூட்டமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் முன் கிரீஸ் வேலையை முடித்துவிட்டால் அந்த ஆண்டு மழையைச் சைக்கிள் தாங்கும்.

11. முதல் ஐம்பது கிலோமீட்டர்

வேலை முடிந்த சைக்கிளை உடனே நெடுந்தூரம் எடுத்துச் செல்லாமல் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். புது ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க மரையில் இன்னும் கொஞ்சம் உள்ளே இறுகும். நேர்கோட்டையும் செயின் ஆட்டத்தையும் அதன் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். கேபிள்கள் நீண்டு கியர் சற்று விலகுவதும் இந்தக் கட்டத்தில் இயல்பு; லிவரின் பக்கத்தில் உள்ள சிறு உருளைத் திருகைக் கால் சுற்று திருப்பினால் சரியாகிவிடும். கிராங்க் போல்ட்டுகளையும் பின் அச்சு நட்டுகளையும் ஐம்பது கிலோமீட்டருக்குள் கட்டாயம் மறுபடி இறுக்க வேண்டும். தளர்ந்த கிராங்கோடு ஓட்டினால் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை விரிந்துவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, புதிதுதான் வாங்க வேண்டும். ஸ்போக் கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்து, ஏதேனும் ஒன்று தொளதொளவென்று ஒலித்தால் கோட்டம் எடுத்தவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். அதே வாரத்தில் போனால் பெரும்பாலும் கூலி கேட்கமாட்டார்.